எல்5–எஸ்1 டிஸ்க் ஆபரேஷன்: என்ன நடக்கும், எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம்?

திண்டுக்கல்_அக்கா (கேள்வி)

வணக்கம். தம்பிக்கு வயது 36. மளிகை மண்டியில் மூட்டை இறக்கும் வேலை. பத்து வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கும் வலி. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போயிருக்கிறது. இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால் நாலைந்து தடவைக்கு மேல் முடியவில்லை. மாத்திரை, பிசியோதெரபி, முதுகில் ஒரு ஸ்டீராய்டு ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்5–எஸ்1 டிஸ்க் (முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் ஜவ்வு) இடதுபக்கமாகப் பிதுங்கி வெளியே வந்து எஸ்1 நரம்பு வேரை அழுத்துவதாக எழுதியிருக்கிறது. மைக்ரோ டிஸ்கெக்டமி (மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் டிஸ்க் ஆபரேஷன்) செய்யலாம் என்கிறார் டாக்டர்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம், முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும் என்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆபரேஷனில் உண்மையில் என்ன செய்வார்கள்? ஸ்குரூ, பிளேட் வைப்பார்களா? எத்தனை நாளில் நடப்பான்? மறுபடி வருமா? வீட்டில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

ஸ்பைன்_வார்டு_டாக்டர்

முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம் அக்கா. தண்டுவடம் என்பது மூளையிலிருந்து இறங்கி முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு உயரத்திலேயே முடிந்துவிடும். தம்பிக்கு ஆபரேஷன் செய்யப்போவது அதற்கு வெகு கீழே, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புக்கும் (எல்5) அதற்கடியில் இருக்கும் திரிக எலும்புக்கும் (எஸ்1) நடுவில். அந்த இடத்தில் தண்டுவடமே கிடையாது. குதிரை வால் மாதிரி பிரிந்து தொங்கும் நரம்பு வேர்கள்தான் இருக்கும். அவற்றில் ஒன்றுக்குக் காயம் படலாம், ஆனால் அது அபூர்வம். அப்படியே பட்டாலும் அந்த ஒரு வேர் போகும் இடத்தில்தான் பாதிப்பு. இரண்டு காலும் விழுந்துவிடும் என்ற பேச்சு இந்த ஆபரேஷனுக்குப் பொருந்தாது.

அடுத்தது, இந்த ஆபரேஷன் எதற்கு என்பது. இது காலுக்கான ஆபரேஷன், முதுகுவலிக்கானது இல்லை. வெளியே வந்து நரம்பை அழுத்தும் துண்டை எடுக்கிறோம், அதனால் கால்வலி போகிறது. தகுந்த ஆளுக்குச் செய்தால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் கால்வலி நன்றாகக் குறையும். முதுகுவலி குறையும் என்று அதே உறுதியோடு யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் தேய்ந்த டிஸ்க் அங்கேயேதான் இருக்கப்போகிறது. பிறகு ஏமாற்றம் அடைகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாதவர்கள்.

கட்டாயம் செய்தே ஆக வேண்டுமா என்றால், அவசரம் இல்லை. வெளியே பிதுங்கிய துண்டை உடம்பே கரைத்துக்கொள்வது உண்டு. சும்மா உப்பிய டிஸ்க்கைவிட உடைந்து வெளியே வந்த துண்டுதான் அதிகமாகச் சுருங்கும். 2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், 6 முதல் 12 வாரம் கடும் கால்வலி இருந்த 283 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். உடனே ஆபரேஷன் செய்த பிரிவில் பாதிப்பேர் நான்கு வாரத்துக்குள் குணமானார்கள். காத்திருந்த பிரிவில் அதற்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். காத்திருந்தவர்களிலும் 39 சதவீதம் பேர் வலி பொறுக்காமல் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆக, ஆபரேஷனால் முக்கியமாகக் கிடைப்பது சீக்கிரமான நிவாரணம். கூலி வேலை செய்யும் ஒருவருக்கு அந்த இரண்டு மூன்று மாதம் சின்ன விஷயம் இல்லை.

தசை பலம் மிகவும் குறைந்திருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. குதிகால் தூக்குவது நாலைந்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கிக்கொண்டே வந்தால் காத்திருக்கும் கணக்கு செல்லாது. தினமும் ஒருமுறை, சுவரை விரலால் தொட்டபடி, எண்ணிப் பார்த்து எழுதி வையுங்கள்.

இப்போதே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சிறுநீர் முட்டியும் போக முடியாமல் இருப்பது, போவதே தெரியாமல் போய்விடுவது, ஆசனவாய், பிறப்புறுப்பு, உள்தொடை என்று சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் ஒன்றாகத் தளர்வது. இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, நடுராத்திரி என்றாலும், எம்.ஆர்.ஐ.யும் முதுகுத்தண்டு ஆபரேஷன் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். குதிரைவால் நரம்புகள் மொத்தமாக நசுங்குவதால் வருவது இது. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

ஸ்குரூ பற்றி: முதல் தடவை டிஸ்க் பிதுக்கத்துக்கு ஸ்குரூ, கம்பி எதுவும் தேவையில்லை. முள்ளெலும்பு ஒன்றின்மேல் ஒன்று நழுவியிருந்தால்தான் அந்தப் பேச்சு வரும். யாராவது ஸ்குரூ வைக்க வேண்டும் என்றால், குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எவ்வளவு நழுவுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள்.

தியேட்டர்_சிஸ்டர்

உள்ளே நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன் அக்கா, தெரிந்தால் பாதிப் பயம் போகும்.

அட்மிஷனுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே எடுத்து மயக்க மருந்து டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்குவார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போல ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரை மாத்திரை சிலவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், அதனால் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றைக்கே நிறுத்தட்டும். காயம் ஆறுவதையும் டிஸ்க்குக்கு ஊட்டம் போவதையும் புகை கெடுக்கும். ஆபரேஷனுக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, பால், காபி உட்பட. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், ஆனால் அந்த ஆஸ்பத்திரி சொல்லும் நேரமே கணக்கு.

பெரும்பாலும் முழு மயக்கம்தான். மயக்கம் கொடுத்தபின் குப்புறப் படுக்கவைப்பார்கள். மார்புக்கும் இடுப்பு எலும்புக்கும் மட்டும் திண்டு கொடுத்து, வயிறு எதிலும் படாமல் தொங்க விடுவோம். இதற்குக் காரணம் உண்டு. வயிறு அழுந்தினால் முதுகெலும்புக்குள் இருக்கும் சிரைகள் ரத்தம் தேங்கிப் புடைத்துக்கொள்ளும், பிறகு மைக்ரோஸ்கோப்பில் சிவப்பைத் தவிர எதுவும் தெரியாது. கண்ணிலும் மூக்கிலும் அழுத்தம் விழாமல் முகத்துக்குத் தனியாகப் பஞ்சுத் தாங்கி. கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி.

பிறகு சி-ஆர்ம் எக்ஸ்ரேயை உருட்டிக்கொண்டு வந்து, முதுகில் ஒரு ஊசியைக் குத்திவைத்து எந்த இடைவெளி என்று எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுவதில் தவறினால் பக்கத்து டிஸ்க்கில் போய் நிற்போம். சிலருக்குக் கடைசி இடுப்பு முள்ளெலும்பு திரிக எலும்போடு ஒட்டியிருக்கும், அங்கேதான் கணக்குத் தப்பும். அதனால் எம்.ஆர்.ஐ. ஃபிலிம், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் வேண்டும்.

கீறல் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர். தசையை வெட்டுவதில்லை, எலும்பிலிருந்து ஒதுக்கி விலக்கிப் பிடிக்க ஒரு சின்ன ரிட்ராக்டர் வைப்பார்கள். மேல் எலும்பின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி, அதற்கடியில் இருக்கும் மஞ்சள் தசைநாரைத் திறந்தால் நரம்பு வேர் தெரியும். எல்5–எஸ்1-இல் எலும்புகளுக்கு நடுவே இயற்கையாகவே இடைவெளி அகலம், எலும்பை அதிகம் எடுக்க வேண்டியிருக்காது. அழுந்திய நரம்பு தட்டையாக, ரிப்பன் மாதிரி, துண்டின்மேல் இழுபட்டுக் கிடக்கும். அதை மெல்ல நடுப்பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனி சில மில்லிமீட்டரே இருக்கும் கிடுக்கியால் துண்டை இழுப்பார்கள். வெளியே வருவது வேகவைத்த நண்டுச் சதை போல வெள்ளையாக, நார் நாராக இருக்கும். எடுத்தவுடன் நரம்பு தளர்ந்து, தன் வடிவத்துக்குத் திரும்பி, லேசாகத் துடிக்க ஆரம்பிக்கும். சர்ஜன் வளைந்த கொக்கியால் நரம்பின் அடியிலும் அது வெளியேறும் துளையிலும் துழாவி, துண்டு எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு மூடுவார்.

டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை. வெளியே வந்ததையும் உள்ளே தளர்ந்து கிடப்பதையும் மட்டும்தான். மொத்தத்தில் ஒரு மணி நேரம், சில சமயம் ஒன்றரை. ரத்தம் ஏற்றத் தேவை வருவது மிக அரிது.

எண்டோஸ்கோப்பில் (கேமரா பொருத்திய மெல்லிய குழாயில்) செய்தால் கீறல் ஒரு சென்டிமீட்டருக்கும் கீழ். முதல் சில நாள் முதுகு வலி குறைவு, அவ்வளவுதான். கால்வலிக்குக் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே. எல்5–எஸ்1-க்குப் பக்கவாட்டில் போக இடுப்பு எலும்பின் விளிம்பு மறிக்கும், பின்பக்கமாகத்தான் நுழைய வேண்டும், கை பழகியவராக இருக்க வேண்டும். உங்கள் டாக்டர் எதை அதிகம் செய்து பழகியவரோ அதையே செய்யவிடுங்கள்.

திண்டுக்கல்_அக்கா

இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை, நன்றி சிஸ்டர். எது எது தவறிப்போகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் இந்தியன் டாய்லெட்தான் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது? படுக்கை பாய்தான்.

ஸ்பைன்_வார்டு_டாக்டர்

தவறுகிறவற்றை எப்போது வரும் என்ற வரிசையில் சொல்கிறேன்.

ஆபரேஷன் மேசையிலேயே வரக்கூடியது நரம்பு உறையில் கிழிசல். நூறில் சிலருக்கு நடக்கும், இரண்டாம் முறை ஆபரேஷன் என்றால் இன்னும் அதிகம். அங்கேயே தைத்தோ பசை வைத்தோ மூடிவிடுவார்கள், ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் படுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தபின் எழுந்து உட்கார்ந்தால் தலை பிளப்பதும் படுத்தால் நின்றுவிடுவதுமாக இருந்தாலோ, காயத்திலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகக் கசிந்தாலோ இதுவாக இருக்கலாம். உடனே ஃபோன் செய்ய வேண்டும்.

முதல் சில மணி நேரத்தில் பார்க்க வேண்டியது உள்ளே ரத்தக்கட்டு. விழித்தபோது அசைந்த கால், பிறகு அசையாமல் கனத்துப்போவது, வலி நிமிடத்துக்கு நிமிடம் ஏறுவது, சிறுநீர் நின்றுபோவது. நர்ஸைக் கூப்பிடத் தயங்கவே வேண்டாம். மயக்க மருந்தால் சிலருக்கு முதல் நாள் சிறுநீர் இறங்கத் தாமதமாகும், அது சரியாகிவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்வது எங்கள் வேலை, தெரிவிப்பது மட்டும் உங்கள் வேலை.

காயத்தில் சீழ் வைப்பது முதல் இரண்டு வாரத்தில். அதைவிட ஏமாற்றக்கூடியது டிஸ்க் இடைவெளிக்குள் கிருமி போவது. காயம் மேலே அழகாக ஆறியிருக்கும். கால்வலி போய் நன்றாக நடந்துகொண்டிருந்தவர் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முதுகு இறுகிப்போய்ப் படுக்கையில் புரளக்கூட முடியாமல் கத்துவார். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும். சாதாரணமாக ஆறுபவருக்கு சி.ஆர்.பி. இரண்டு வாரத்தில் இறங்கிவிடும், ஏறிக்கொண்டிருந்தால் எம்.ஆர்.ஐ., பிறகு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

மறுபடி வருமா என்று கேட்டீர்கள். நூறில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே இடத்தில் வரலாம். துண்டு வெளியேறிய கிழிசல் டிஸ்க்கின் சுவரில் அப்படியே இருக்கும், அதை யாரும் தைப்பதில்லை, வடுவாகத்தான் மூடும். கிழிசல் அகலமாக இருந்தால் திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். டிஸ்சார்ஜ் சமயத்தில் சர்ஜனிடம் கிழிசல் எவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஓய்வைத் தீர்மானிக்க உதவும். திரும்ப வந்தால் காண்ட்ராஸ்ட் ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். வடுத் திசு அந்த மருந்தை வாங்கி ஒளிரும், புதிய துண்டு ஒளிராது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் வீண் பயம் வரும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் பலருக்குக் கால்வலி காணாமல் போயிருக்கும். பிறகு பத்துப் பதினைந்து நாளில் அதே பாதையில் லேசாகத் திரும்பும். நரம்பு வீங்கி எரிச்சல் கொள்வதால் வருவது, சில நாளில் அடங்கும். பழைய வலியின் அளவுக்கே வந்தாலோ பலம் குறைந்தாலோதான் கவலை. வலி முதலில் போகும், பலம் பிறகு, மரத்துப்போனது கடைசியில். நரம்பு இழை வளர்வதே ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான், சுண்டுவிரலுக்குப் போய்ச்சேர மாதங்கள் பிடிக்கும். சிலருக்குக் கொஞ்சம் மரத்துப்போனது நிரந்தரமாகவே தங்கிவிடும், ஆனால் நடப்பதற்கு இடைஞ்சல் இருக்காது.

பிசியோ_மேடம்

வீட்டு விஷயம் என்னுடையது.

பாய் வேண்டாம். தரையிலிருந்து எழ ஒவ்வொரு முறையும் இடுப்பை முழுதாக மடக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலும் நடுவில் தொய்யும். மரக்கட்டில், மேலே பஞ்சு மெத்தை, உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரம். டாய்லெட்டுக்கு, கழிவுக்குழிக்கு மேலே வைக்கும் கமோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும், வாடகைக்கும் தருவார்கள். ஆறு வாரத்துக்குக் குந்தி உட்காரக் கூடாது.

அடுத்தது பக்கெட். தரையில் இருக்கும் பக்கெட்டிலிருந்து மொண்டு குளிக்க ஒருவர் எத்தனை தடவை குனிகிறார் என்று எண்ணிப் பாருங்கள், இருபதுக்குக் குறையாது. தினமும் இருபது தடவை குனிந்து திரும்புவது ஆறாத டிஸ்க் சுவருக்கு மிகவும் கெடுதல். பக்கெட்டை இடுப்பு உயர ஸ்டூலில் வைத்து, தம்பி நின்றபடி குளிக்கட்டும். குளியலறைத் தரையில் ரப்பர் விரிப்பு. தையல் எடுக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள், முதுகில் தண்ணீர் படாமல் துடைத்துவிடுங்கள். லேஸ் கட்டும் ஷூ வேண்டாம், காலை நுழைத்ததும் மாட்டிக்கொள்ளும் செருப்பு, ஆனால் குதிகாலில் பிடிமானம் உள்ளது.

கட்டிலிலிருந்து எழுவதை ஆபரேஷனுக்கு முன்பே பழகட்டும். மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக, சேர்ந்தே ஒருக்களிக்க வேண்டும். முழங்கால் இரண்டையும் கட்டில் ஓரத்துக்குத் தள்ளி, பாதங்கள் கீழே இறங்கும் அதே நேரத்தில், அடியில் இருக்கும் முழங்கையாலும் மேல் கையாலும் ஊன்றி உடம்பை எழுப்ப வேண்டும். முதுகு எங்கேயும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. படுப்பது இதற்கு நேர் எதிர் வரிசை. ஆபரேஷன் அன்று மாலை அல்லது மறுநாள் காலை இப்படித்தான் எழுப்பி நடக்கவைப்போம். சாதாரணமாக ஒன்று முதல் மூன்று நாளில் வீடு.

வீட்டுக்குப் போகும் காரில் முன் சீட்டைப் பின்னால் சாய்த்து உட்காரட்டும். ஒட்டன்சத்திரம், பழனி தூரம் என்றால் அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். பைக் வேண்டாம், பின்னால் உட்கார்ந்துகூட. நாலு முதல் ஆறு வாரத்துக்கு வேகத்தடை ஒவ்வொன்றும் டிஸ்க்கில் குத்தும்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும், ஐந்து பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை நடை. இரண்டாம் வாரம் பதினைந்து நிமிடம், பிறகு அரை மணி. ஒரே மூச்சில் ரொம்ப தூரம் நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி நடப்பது நல்லது. உட்காருவது ஒரு தடவைக்கு 20 நிமிடம், நாற்காலியில்தான். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது ஆறு வாரத்துக்கு இல்லை. தூக்குவது இரண்டு மூன்று கிலோவுக்குள். ஒரு குடம் தண்ணீரே 12, 15 கிலோ வரும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். குழந்தை இருந்தால், தம்பி உட்கார்ந்தபின் நீங்கள் மடியில் விடுங்கள், அவர் குனிந்து தூக்க வேண்டாம்.

மலச்சிக்கலை அலட்சியப்படுத்தாதீர்கள். டிராமடால் வகை வலி மாத்திரை குடலைக் கட்டிவிடும், முக்கினால் டிஸ்க்கில் அழுத்தம் ஏறும். ஆபரேஷன் முடிந்த முதல் இரவிலிருந்தே இசப்கோல், நிறையத் தண்ணீர், கீரை, பப்பாளி. பிரெகாபலின், கபாபென்டின் என்ற நரம்பு வலி மாத்திரைகளை வலி போயிற்று என்று திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பெல்ட் கட்டாயமில்லை. பயணத்தில் மட்டும் போடலாம், நாள் முழுவதும் போட்டால் தசை சோம்பிவிடும்.

காப்பீட்டு_உதவி

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா பாருங்கள். ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்துக்குத் தனி கவுன்டர் இருக்கும். இந்த ஆபரேஷன் அங்கே சேர்ந்திருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டு, எம்.ஆர்.ஐ.யோடு முன் அனுமதி வாங்கிவிடுங்கள். தனியார் பாலிசி என்றால் நிபந்தனைப் பட்டியலில் ‘முள்ளெலும்பு டிஸ்க் விலகல்’ என்ற வரியைத் தேடுங்கள். பல பாலிசிகளில் அதற்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு, விபத்தால் வந்ததற்கு மட்டும் விலக்கு. முதலில் எழுதிய ஓ.பி. சீட்டில் எத்தனை மாத வலி என்று தப்பாக எழுதியிருந்தால் கிளெய்ம் அதிலேயே நின்றுவிடும், சரிபாருங்கள்.

திண்டுக்கல்_அக்கா

அட்டை இருக்கிறது, திங்கட்கிழமை கேட்கிறேன். கடைசியாக ஒன்று மட்டும். மண்டி வேலைக்கு எப்போது போகலாம்? முதலாளி ஒரு மாதம் என்கிறார்.

பிசியோ_மேடம்

ஒரு மாதத்தில் மூட்டை தூக்கவே கூடாது அக்கா. உட்கார்ந்து பில் போடும் வேலை என்றால் மூன்று நான்கு வாரத்தில், நடுநடுவே எழுந்து நடக்க அனுமதி தந்தால் போகட்டும். பாரம் தூக்கும் வேலைக்குக் குறைந்தது மூன்று மாதம். அதுவும் ஆறாவது வாரத்திலிருந்து வயிறு, முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி செய்து, ஐந்து கிலோ, பத்து கிலோ என்று படிப்படியாக ஏற்றிய பிறகுதான். என் கருத்தைக் கேட்டால், 50 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றி லாரியிலிருந்து இறங்கும் வேலைக்குத் திரும்பவே வேண்டாம். எடை போடுவது, சரக்குக் கணக்கு, தள்ளுவண்டியில் நகர்த்துவது என்று அதே மண்டியில் வேறு வேலை தருவாரா என்று முதலாளியிடம் இப்போதே பேசிவையுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘பாரம் தூக்குவதைத் தவிர்க்கவும்’ என்று கால அளவோடு எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், காகிதத்தில் இருந்தால் பேசுவது சுலபம்.

ஆறாவது வார செக்கப்புக்கு வரும்போது, குதிகால் தூக்கும் எண்ணிக்கையை எழுதிய நோட்டைக் கொண்டுவாருங்கள்.